முதல் பகுதி மட்டும்

அவள் எழுதியதைப் படிப்பவர்கள் யாரும் மனிதர்கள் இல்லை. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவள் பிழைப்பு அதுதான்.

ஏ.ஐ. ஏஜென்ட் என்கிறார்களே, உங்களில் பல பேர் அதனோடு பேசியே இருப்பீர்கள். கேட்டதற்கெல்லாம் பணிவாகப் பதில் சொல்லும். ஆனால் பாவம், தானாக எதையும் எடுத்துப் பார்க்க அதற்குக் கையும் கிடையாது, கண்ணும் கிடையாது. நம்முடைய ஃபைல்கள் எங்கோ தொலைவில், கிளவுட் என்ற கிடங்கில் கிடக்கின்றன. அதில் ஒன்றைத் திறந்து படிக்க வேண்டுமானால் ஏஜென்ட்டுக்கு ஒரு டூல் கொடுக்க வேண்டும். அந்த டூல் என்ன செய்யும், எப்படிக் கேட்டால் எதைத் தரும் என்று நாலு வரி எழுதி அதோடு சேர்த்துக் கட்டி அனுப்ப வேண்டும். அந்த நாலு வரியை ஏஜென்ட் குழந்தைபோல நம்பும். அதில் சொல்லாதது எதுவும் அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே கிடையாது. அந்த நாலு வரியை எழுதுகிறவள்தான் நம் பெண்.

மொபைல் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் அலுவலகம். அங்கே அவளுக்குக் கத்திரி என்று பெயர். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் வெட்டிப் பாதியாக்கிவிடுவாள். அவளைவிடச் சின்னவர்கள் மரியாதைக்காக ஒரு அக்காவைச் சேர்க்கப் போய், அது கத்திரிக்கா ஆகிவிட்டது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அதற்கொரு சிரிப்பு. டூலுக்கு நிரல் எழுதியவன் பெயர் மீசை. மீசை வளர்க்க அவன் எடுத்த முயற்சி எதுவும் பலிக்காததால் வந்த பெயர்.

கிளவுட்டில் இருக்கும் ஃபைலைப் படிக்கும் டூலை அவர்கள் வெளியே விட்ட சமயத்தில், அவள் எழுதிய குறிப்பை மீசை திருப்பிக் கொண்டுவந்தான்.

"அக்கா, இது நீளம். ஏஜென்ட் ஒவ்வொரு வேலைக்கு முன்னாடியும் இதை முழுசாப் படிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கும். மூச்சு வாங்கும்."

"அதுக்கு ஏதுடா மூச்சு?"

"அதுக்கு வாங்காது, செலவைப் பாத்து நம்ம முதலாளிக்கு வாங்கும். உங்க கத்திரியை எடுங்க."

எடுத்தாள். 'கோப்பில் உள்ளதைப் படித்துத் தரும்' என்று ஒரே வரியில் வந்து நின்றது. சுருக்கென்றால் இதுதான் சுருக்கு என்று எல்லோரும் மெச்சினார்கள். அவளும் கொஞ்சம் பூரித்துத்தான் போனாள்.

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நகரத்தின் மறுகோடியில் ஒரு குடியிருப்பின் நாலாவது மாடியில் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஒட்டியதிலிருந்து எழுந்து நடக்க ஒரு கை தேவைப்பட்டது. வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு நிலையம் ஒன்றை அவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். அவள் கம்பெனியின் டூலை அந்த நிலையம் பயன்படுத்துகிறது என்பதே அவளுக்கு ஒரு தெம்பு. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல். வேலைக்கு வருபவர்கள் அன்றன்று நடந்ததைப் போனில் வாயால் சொன்னால் போதும், அது எழுத்தாக மாறி அந்த ஃபைலின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். புதிதாக ஒருவர் வரும்போது, ஏஜென்ட் அந்த ஃபைலைப் படித்து, இவருக்கு இன்னது பிடிக்கும், இன்ன நேரத்துக்கு இன்ன மருந்து என்று அவர் காதில் சொல்லிவிடும்.

அம்மா இருந்தபோதே ஆரம்பித்த ஏற்பாடு அது. அம்மா போன வருஷம் காலமாகிவிட்டாள். அதற்குப் பிறகும் பழைய உதவியாளரே இருந்தார். அவருக்கு வீடு பழகிப்போயிருந்ததால் ஏஜென்ட் என்ன சொல்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டதே இல்லை. அவர் வேறு ஊருக்குக் குடிபோனபிறகு, மாற்றி மாற்றிப் புது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வீட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் இன்னொரு புது ஆள் வந்தாள். ஆள் அகலம், குரல் அதைவிட அகலம். காதில் சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தாள்.

"வணக்கம் ஐயா! இனிமே நான்தான். இடுப்பு வலி எப்படி இருக்கு? அம்மா கடையிலேர்ந்து வந்துட்டாங்களா?"

சமையலறையில் இவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னும் வரல," என்றார் அப்பா.

"சரி, வரட்டும். மாத்திரை எந்த டப்பாவுல இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியுமாமே."

"தெரியும். வருவா. வழியில யாரையாவது பிடிச்சுப் பேசிக்கிட்டு நிப்பா."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் பார்க்கவில்லை. எத்தனையோ பேர் வீட்டில் கேள்விப்பட்ட மறதி நோய், இப்போது நம் வீட்டுக்கும் வந்துவிட்டதா என்று நினைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய், அப்பாவைக் கைத்தாங்கலாகப் படுக்கையறைக்கு அழைத்துவந்து கதவைச் சாத்தினாள்.

"அப்பா, இன்னிக்கு என்ன கிழமை?"

"நீ வந்திருக்கே, அப்ப ஞாயிறுதான்."

"நான் யாரு?"

"பரீட்சை வைக்க வந்த டீச்சர்."

"விளையாடாதீங்கப்பா. அம்மா எங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

"அவ செத்துப் போயிட்டா பாப்பா. எனக்குத் தெரியாதா? நான் நல்லாத்தான் இருக்கேன். பயப்படாதே."

"அப்புறம் ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? வந்துட்டாங்களான்னு கேட்டாங்க. இன்னும் வரலன்னேன். வந்தாளா?"

அவரே தொடர்ந்தார்.

"பழைய ஆள் போனப்புறம் வர்ற எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. அம்மா கடையிலேர்ந்து வந்துட்டாங்களா, வந்துட்டாங்களான்னு. முதல்ல வந்தவன்கிட்ட உள்ளதைச் சொன்னேன். அன்னிக்குப் பூரா அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! என்னவோ அவனே கொன்ன மாதிரி. தண்ணி குடுக்கும்போதுகூட மன்னிச்சுக்குங்க ஐயான்றான். அடுத்து ஒரு பொண்ணு. அழுதே அழுதுட்டா. நான் உக்காந்து அவளைச் சமாதானம் பண்ணினேன். அதுக்கடுத்த ஆள் கேட்டப்ப எனக்கு அலுத்துப்போச்சு. இன்னும் வரலன்னுட்டேன்."

"ம்."

"உடனே அந்த ஆள் வாசக் கதவைத் திரும்பிப் பார்த்தான். சும்மா ஒரு பார்வை, இப்ப வந்துடுவாங்கன்ற மாதிரி. நானும் பார்த்தேன். அவ வருவான்னு நம்புற ஒரு ஆள் வீட்ல இருக்குறது எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல பாப்பா. மத்தியானம் வரைக்கும் அவ கடைக்குத்தான் போயிருக்கா. சாப்பாடு ஆனதும் நானே உண்மையைச் சொல்லிடுவேன். பாவம், யாரையும் ரொம்ப ஏமாத்தக் கூடாதில்ல."

அந்த அம்மாளைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவள் ஆயுசுக்கும் லிஃப்டில் ஏறியதில்லை. 'இவர் கை பட்ட லிஃப்ட்ல நான் ஏறவா? நான் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்' என்று அவர் காதில் விழவே சொல்வாள். நூல்கண்டு ஒன்று வாங்கக் கீழே போனாலும் நாலு மாடி படியேறி, மாடிக்கொரு வாசலில் நின்று கதை பேசி, டீ ஆறியபிறகுதான் வந்து சேருவாள். வாசலைப் பார்த்தபடி அவளுக்காகக் காத்திருப்பதுதான் அந்த மனிதருக்குக் கல்யாண வாழ்க்கை. அதைத்தான் யாரோ அவருக்கு அரை நாளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

கதவு தட்டப்பட்டது. புது ஆள் உள்ளங்கையில் ஒரு மாத்திரையோடு நின்றாள்.

"நானே டப்பாவைக் கண்டுபிடிச்சிட்டேன். பிரஷருக்கு முழு மாத்திரைதானே ஐயா?"

"அரை! அரைம்மா. வர்ற ஆளுங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றேன்."

டாக்டர் அதைப் பாதியாகக் குறைத்து வெகு நாளாயிற்று. மகள் முன்னால் வந்தாள்.

"முழுசுன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"இதுதாம்மா," என்று அவள் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"அதைக் கொஞ்சம் சத்தமா வைங்க. ஃபைல்ல கடைசியா என்ன இருக்குன்னு கேளுங்க."

ஏஜென்ட் இதமான குரலில் சொன்னது: "கடைசிக் குறிப்பு. அம்மா நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். ஐயா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்."

"அதுக்கப்புறம்?"

"அதற்கப்புறம் எதுவும் இல்லை."

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

எவ்வளவு பெரிய ஃபைலானாலும் அந்த டூல் ஒரு தடவைக்கு ஓர் அளவுக்குத்தான் படிக்கும். ஃபைல் அதைவிட நீளமென்றால் முதல் பகுதியை மட்டும் கொடுத்துவிட்டு, ஓரத்தில் 'மீதி உள்ளது' என்று ஓர் அடையாளத்தை வைக்கும். அந்த அடையாளத்தைக் கண்டால் திரும்பவும் கேள், விட்ட இடத்திலிருந்து தருவேன் என்று அர்த்தம். இதையெல்லாம் அவள் முதலில் எழுதித்தான் வைத்திருந்தாள். கத்திரியை எடுத்த அன்று வெட்டி, மனிதர்கள் படிக்கிற கையேட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். ஏஜென்ட் கையேட்டைப் படிக்குமா? அதற்குத் தெரிந்தது 'உள்ளதைப் படித்துத் தரும்' என்ற ஒரு வரி. கொடுத்த மட்டும்தான் உள்ளது என்று நம்பியது. அடையாளம் வந்தது, அது என்னவென்று சொல்லித்தர ஆளில்லை.

மற்ற வீடுகளில் ஃபைல் அந்த அளவைத் தாண்டியிருக்காது, அல்லது தாண்டியும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்பாவின் ஃபைல்தான் வளர்ந்துகொண்டே போனது. அவர் வாய் திறந்தால் மூடமாட்டார், அந்தப் பழைய உதவியாளரோ அவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் போனில் ஒப்பித்திருக்கிறார். முதல் பகுதி முழுக்க அம்மா நடமாடுகிறாள். மாத்திரை எடுத்துத் தருகிறாள், சண்டை போடுகிறாள், ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள். டூல் படிப்பதை நிறுத்தும் இடத்தில் கடைக்குப் போகிறாள். அவள் உடம்புக்கு முடியாமல் படுத்ததெல்லாம் அதற்கு அந்தப் பக்கம்.

உடனே பராமரிப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, எந்த வீட்டிலும் ஏஜென்ட் சொல்வதை வைத்து மருந்து கொடுக்க வேண்டாம், டாக்டர் சீட்டைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றாள். மறுநாள் காலை முதல் வேலையாக மீசையின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

அவன் கேட்டுவிட்டு வழக்கம்போல ஏதோ ஜோக்கடிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு நாற்காலியை நகர்த்தி இடம்விட்டான்.

"வெட்டச் சொன்னது நான்தானேக்கா."

"எதை வெட்டணும்னு நீ சொல்லல. தள்ளு, எழுதணும்."

எழுதினாள். இந்த முறை நீளமாகவே வந்தது. 'இந்த டூல் ஒரு முறைக்குக் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் தரும். மீதி உள்ளது என்ற அடையாளம் வந்தால், நீ இன்னும் முழுவதும் படிக்கவில்லை. நிறுத்தாமல் தொடர்ந்து கேள். நாளுக்கு நாள் வளரும் கோப்புகளில் புதிய செய்தி அடியில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் பழையதை வைத்து முடிவு சொல்லாதே. கடைசி வரை படித்தபிறகே, இதற்குமேல் இல்லை என்று சொல்.'

மீசை தோளுக்கு மேலாகப் படித்தான். "பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற பிள்ளைக்குச் சொல்ற மாதிரியே இருக்குக்கா."

"அது போற வீட்ல எல்லாம் நாம கூடவா போக முடியும்?"

சோதித்துப் பார்க்க அப்பாவின் ஃபைலையே எடுத்தார்கள். அவருடைய அனுமதியைப் போனில் கேட்டுக்கொண்டுதான். ஏஜென்ட் முதல் பகுதியைப் படித்தது. அடையாளத்தைக் கண்டது. மறுபடி கேட்டது. அதற்கடுத்ததையும் கேட்டது. கடைசியில் சுருக்கமாகச் சொன்னது:

"பிரஷர் மாத்திரை காலையில் அரை. அம்மா காலமாகிவிட்டார். அவரைப் பற்றி ஐயாவிடம் யாரும் பேச்செடுக்க வேண்டாம், அவர் கலங்குவார். இது மகளின் வேண்டுகோள்."

"சரியா வந்துருச்சு!" என்று மீசை மேஜையைத் தட்டினான். "வெளிய விட்டுடலாமாக்கா?"

அந்த வேண்டுகோள் அவளுடையதுதான். அம்மா போன புதிதில், பழைய உதவியாளரிடம் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னது. அப்பாவுக்கு நல்லது என்று நினைத்துச் சொன்னது. இந்த டூல் சரியாக வேலை செய்யத் தொடங்கிய நிமிஷத்திலிருந்து, அந்த வீட்டில் நுழைகிற எவரும் அம்மா வந்துட்டாங்களா என்று கேட்கமாட்டார்கள். கேட்கமாட்டார்கள் என்பது மட்டுமா, அப்படி ஒருத்தி இருந்தாள் என்றே காட்டிக்கொள்ள மாட்டார்கள். அப்பாவுக்குக் கிடைத்த அந்த அரை நாளை அவளே தன் கையால் எடுக்கப்போகிறாள். எடுக்காமல் விடவும் முடியாது. எத்தனை வீட்டில் எத்தனை பேர் அரை மாத்திரை என்று வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாமல் படுத்திருக்கிறார்களோ.

"சாயங்காலம் விடலாம். நான் வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்," என்று பையை எடுத்துக்கொண்டாள்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்த அகலக் குரல்காரிக்கு அதற்குள் லவுட்ஸ்பீக்கர் என்று பெயர் வைத்திருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டே மகளிடம் புகார் சொன்னாள்.

"பாருங்கம்மா, நேத்து என்னைப் பாதி நாள் வாசலைப் பாக்க வெச்சிட்டாரு உங்கப்பா! நான் வேற, அம்மா வந்தா முதல்ல என்ன பேசறதுன்னு யோசிச்சு வெச்சிருந்தேன்."

"என்ன யோசிச்சே?" என்றார் அப்பா ஆவலாக.

"இப்படி ஒரு மனுஷனை எப்படிம்மா சமாளிக்கிறீங்கன்னு கேக்கத்தான்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, மகள் எதிரில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டூல் பாதியில் நின்றதையும், அதற்குத் தான் எழுதிய குறிப்பே காரணம் என்பதையும், இன்று சாயங்காலம் அது சரியாகிவிடும் என்பதையும்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அது அவர் வழக்கமே இல்லை.

"அப்ப, இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கப்பா."

ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிப்பேர்னு தெரிஞ்சப்புறம் ஓட விடக் கூடாது. நான் அப்படி ஒரு லிஃப்டை விட்டதில்ல. சரி பண்ணிடு," என்றார்.

"இன்னொண்ணும் இருக்குப்பா. அந்த ஃபைல்ல கடைசியில, உங்ககிட்ட அம்மா பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு இருக்கு."

"எவன் சொன்னான் அப்படி?"

"நான்தாம்ப்பா."

"எதுக்கு?"

"நீங்க கலங்குவீங்கன்னு."

"கலங்கினா என்ன? கண்ணுல தண்ணி பட்டா துருப்பிடிக்க நான் என்ன இரும்பா?" என்றவர், சட்டென்று அவளைக் கூர்ந்து பார்த்தார். "அதனாலதான் நீயும் வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாம் கரண்ட் பில்லு, காய்கறி விலைன்னு பேசிட்டுப் போனியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் வேற மாதிரி நெனச்சேன் பாப்பா. உனக்குத்தான் தாங்காதுன்னு நெனச்சு நான் வாயைத் திறக்கல. பேர் சொன்னா எழுந்து போயிடுவியோன்னு."

லவுட்ஸ்பீக்கருக்கு அந்த வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. மடித்த துணியையே உதறித் திரும்ப மடித்தாள். பிறகு அவளால் முடிந்த தாழ்ந்த குரலில் கேட்டாள். அது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"பழசை அழிக்க எங்களால முடியாது. அடியில சேக்கலாம். என்ன சேக்கணுமோ நீங்களே சொல்லுங்களேன் ஐயா."

போனை அவர் வாயருகே நீட்டினாள். அவர் தொண்டையைச் செருமினார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் மனைவி இல்லை," என்றார். எழுத்துத் தமிழில் ஆரம்பித்தவர், அதற்குமேல் போகமுடியாமல் பழைய வழிக்கே வந்தார். "அவ வந்துட்டாளான்னு கேக்காதீங்க. ஆனா அவளைப் பத்திக் கேளுங்க. எப்படிப்பட்டவ, என்ன சொல்லுவா, என்ன பண்ணுவா, எதை வேணா கேளுங்க. நான் சொல்றேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் கேட்டு முடிச்சிராதீங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கேளுங்க."

மகள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பேச வேண்டாம்னு முன்னாடி சொன்னது நான். நான் சொன்னதை விட்டுடுங்க. அப்பா சொல்றதைக் கேளுங்க."

அலுவலகத்துக்குத் திரும்பி வந்ததும் மீசையைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் டூலை வெளியே விட்டான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, லவுட்ஸ்பீக்கரை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். அவள் போகும்போது அழுதாளாம். தெருவே எட்டிப் பார்த்தது என்று அப்பா சொன்னார். அவளுக்குப் பதில் வந்தவர் ஒல்லியான மனிதர், வாய் திறக்க யோசிக்கிற சுபாவம். அவர் வந்தது ஞாயிற்றுக்கிழமை. மகளும் அங்கே இருந்தாள். வேண்டுமென்றேதான் சமையலறையில் நின்றுகொண்டாள்.

அவர் செருப்பைச் சுவரோரம் ஒழுங்காக வைத்தார். வணக்கம் சொன்னார். அரை மாத்திரையைச் சரியாக உடைத்துக் கொடுத்தார். அப்பா அதை விழுங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் ஒருமுறை வாசலைப் பார்த்தார். அந்த ஆள் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும், யாரும் வரப்போவதில்லை என்று. அப்பாவின் தோள் கொஞ்சம் இறங்கியதைச் சமையலறையிலிருந்து அவள் கண்டாள். சரியாகத்தான் வேலை செய்கிறது, என்ன செய்ய, என்று கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒல்லி மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, அம்மாவுக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவாங்க?"

அப்பா திரும்பினார். கேட்டிருக்கக் கூடாதோ என்று அந்த மனிதர் பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க தம்பி, உக்காருங்க," என்றார் அப்பா. "கோவம் வந்தா அவ ஒரு வார்த்தை பேச மாட்டா. என் சட்டையைத் தெச்சுக் குடுப்பா, பொத்தான் ஓட்டையைச் சின்னதாத் தெச்சிருவா! காலையில வேலைக்குக் கிளம்புற அவசரத்துல நான் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு நிப்பேன். அவ ஒண்ணும் தெரியாத மாதிரி ஜன்னலைத் துடைப்பா. அப்பவே எனக்குப் புரிஞ்சிரும், ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு."

"அப்பா!" மகள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "அது கோவம் இல்லப்பா. அம்மாவுக்கு அப்பக் கண்ணு சரியாத் தெரியல. கண்ணாடி போடணும்னு சொன்னா வயசாயிடுச்சும்பீங்கன்னு மறைச்சு வெச்சிருந்தாங்க. எங்கிட்ட சொல்லி, அப்பாகிட்ட மூச்சு விடாதேன்னாங்க."

அப்பா வாயைப் பிளந்தார்.

"அப்ப நான் கேட்ட மன்னிப்பெல்லாம்? ஒவ்வொரு சட்டைக்கும் உக்காந்து யோசிச்சு, பண்ணாத தப்பையெல்லாம் பண்ணினேன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கேனே!"

"அதையும் சொன்னாங்க. கேக்குறாரு, கேக்க நல்லாத்தான் இருக்கு, கேக்கட்டும்னாங்க."

ஒல்லி மனிதர் சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்கமுடியாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மகள் கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு அப்பாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். அப்பா சிரித்தார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், திரும்பவும் சிரித்தார்.

"கள்ளி," என்றார். "இதை அதுல சேத்துக்குங்க தம்பி. அடியில."